மீண்டும் மீண்டும் வரும் வேற்றுலகப் பகைவர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் குறளையும் சிலம்பையும் பற்றிக் கற்றோர் பேசக் கேட்டே நமக்குப் பழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மை, “தொலைக்காட்சியில் வரும் வேற்றுலக வில்லன்களைப் பற்றிப் பேசுங்கள்” என்று நம் காலனிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். சங்க விழாவில் இஃதென்ன பேச்சு என்று பெரியோர்கள் எண்ணலாம். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

மைசூரில் வாழும் நமக்கு இப்பொருள் புதிதன்று. சாமுண்டி மலைக்குச் சென்றோர் யாவரும், ஒரு கையில் வாளும் மறு கையில் நாகமும் ஏந்தி நிற்கும் மகிடாசுரன் சிலையைக் கண்டிருப்பர். இந்நகரின் பெயரே அவன் பெயரிலிருந்து வந்தது என்பர். ஆண்டுதோறும் நவராத்திரியில் தேவி அவனை வெல்கிறாள். அடுத்த ஆண்டு மீண்டும் வெல்கிறாள். பகைவன் திரும்பி வருவதில்தான் திருவிழாவும் திரும்பி வருகிறது. அதே மகிடனைத் தம் முன்னோனாகப் போற்றுவோரும் இந்நகரில் உளர் என்பதையும் நினைவிற் கொள்க.

இனிக் கடல் கடந்து செல்வோம். 1963 நவம்பர் 23ஆம் நாள் இலண்டன் பி.பி.சி. நிறுவனம் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரைத் தொடங்கியது. அதன் முதற் கதையை இயக்கியவர் இலட்சுமணபுரி என்னும் லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. தொடரை உருவாக்கிய சிட்னி நியூமன், பூச்சிக் கண் கொண்ட பூதங்கள் இதில் வேண்டா என்றார். ஆயினும் அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் கதையிலேயே ‘டாலெக்’ வந்துவிட்டது! எழுதியவர் டெர்ரி நேஷன். உருவம் வகுத்தவர் ரேமண்ட் கியூசிக். மிளகுச் சிமிழ் போன்ற ஒரு கூடு. உள்ளே அமர்ந்து ஒரு நடிகர் அதை உருட்டிச் செல்வார். அதன் கையோ, அடைத்துக்கொண்ட கழிநீர்க் குழாயைச் சீர்செய்யும் இரப்பர்க் கிண்ணம்! இத்தனை எளிய பொருளைக் கண்டு இங்கிலாந்துச் சிறுவர்கள் நாற்காலிக்குப் பின்னே ஒளிந்தனராம்.

முதற் கதையின் இறுதியில் டாலெக்குகள் அழிந்தன. ஆனால் மக்கள் விட்டாரில்லை. 1964இல் மீண்டும் வந்தன. 1967இல் முற்றாக முடித்தனர். 1972இல் மறுபடியும் வந்தன. நம் வீட்டுக் கரப்பான்பூச்சியும் இத்துணைப் பிடிவாதம் காட்டுவதில்லை.

ஏன் திரும்பி வருகின்றன? செய்து வைத்த கூட்டை மறுபடி பயன்படுத்தினால் செலவு குறைவு; இது கணக்கர் சொல்லும் காரணம். மற்றொன்றும் உண்டு. இட்லரின் நாசிப் படையை மனத்திற் கொண்டே நேஷன் டாலெக்குகளைப் படைத்தார். தம்மைப் போல் அல்லாத எவரும் வாழலாகாது என்பதே அவற்றின் கொள்கை. அக்கொள்கை உலகை விட்டு நீங்காதவரை, டாலெக்கும் எங்ஙனம் நீங்கும்?

1966இல் வந்த ‘சைபர்மென்’ வேறு வகை. அவர்களைப் படைத்தோருள் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவம் கற்றவர். உறுப்பு ஒவ்வொன்றாக நீக்கி இயந்திரம் பொருத்திக்கொண்டே போனால், இறுதியில் அன்பும் அழுகையும் எஞ்சுமா என்பது அவர் கொண்ட அச்சம்.

நம் தமிழ்நாடும் பின்தங்கவில்லை. டாலெக் பிறப்பதற்குச் சில திங்கள் முன்னரே, 1963 ஏப்ரலில், ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ திரைக்கு வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தில், நம்பியார் வேற்றுலகத்தான். எதற்காக மண்ணுலகுக்கு வருகிறான்? பொன்னுக்கன்று, நாட்டுக்கன்று. அவர்கள் உலகில் இசை இல்லை; ஆகவே பாடத் தெரிந்த ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறான்! தமிழன் படைத்த வில்லனுக்கும் இசைப் பசி இருந்தது காண்க.

அமெரிக்க நாட்டு ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் 1967இல் ‘கிளிங்கான்’ என்னும் பகைவர் வந்தனர். அது அமெரிக்காவும் சோவியத்து நாடும் முறைத்துக்கொண்டிருந்த காலம். கிளிங்கான் வேடமிட்டோருக்கு முகத்தில் கருமை பூசி, மீசையைத் தொங்கவிட்டனர். அஃதாவது, அயலான் என்றால் நிறத்தால் மாறுபட்டவன் என்று எளிதிற் காட்டிவிட்டனர். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து, 1987இல் தொடங்கிய அடுத்த தொடரில், வொர்ஃப் என்னும் கிளிங்கான் அதே கப்பற்படையில் அதிகாரியாக நிற்கிறான்! அவனுக்கும் தாய்மொழி உண்டு, பாட்டு உண்டு, குலமரபு உண்டு எனக் கதை விரிகிறது. வேற்றூரில் பணி செய்துகொண்டு, வீட்டிற்குள் தன் மரபைக் காக்கும் அவனைக் கண்டபோது, நம் காலனிக்காரர் ஒருவரையே கண்டதுபோல் இருந்தது நமக்கு.

அன்பர்களே! அயலான் என்னும் சொல்லின் கனத்தை நாம் ஏட்டிற் படிக்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரி நீர் குறித்துக் கலவரம் மூண்டபோது நாம் சிறுவர். இரவு தெருமுனையில் கூச்சல் கேட்டது. அடுத்த வீட்டுக் கன்னட அஜ்ஜி வந்து, வாயிலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைத் தம் கையாலேயே கழற்றி எடுத்துக்கொண்டு, எம்மையும் தங்கையையும் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். வாயிலில் வந்து வினவியோரிடம் அவர் சொன்னது இரண்டே சொற்கள்: “நம்ம மக்களு.” மூன்று இரவுகள் அவர் வீட்டு இராகி முத்தையும் சாறும் உண்டோம். நான்காம் நாள் அப்பலகையைத் துடைத்து, அவரே எம் தந்தையாரிடம் திருப்பிக் கொடுத்தார்.

இதனை இன்று கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற திங்கள் நம் காலனியில் சாக்கடை வேலைக்கு வடநாட்டுத் தொழிலாளர் வந்தனர். அவர்கள் பேச்சைக் கேட்டு நம் பிள்ளைகள் சிலர், “ஏலியன் வந்துட்டாங்க!” என்று கூவிச் சிரித்தார்கள். அருகில் நின்ற பெரியோர்களும் சிரித்தோம். ஆம், நாமும் சிரித்தோம். வீடு வந்த பின்னரே அந்த அஜ்ஜியின் நினைவு வந்து நெஞ்சைச் சுட்டது. மறுநாள் காலை மோரும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்து, ஊர் பேர் கேட்டறிந்தோம். அவர்களுள் ஒருவர் நன்றாகப் பாடுவாராம்.

1975இல் வந்த டாலெக் கதையொன்றில், அவ்வினத்தைத் தோன்றும்போதே அழித்துவிடும் வாய்ப்பு நாயகருக்குக் கிட்டுகிறது. இரு கம்பிகளைச் சேர்த்தால் போதும். அவரோ, ஓர் இனத்தையே அழிக்க நமக்கு உரிமை உண்டா என்று தயங்கி நிற்கிறார். கொடிய பகைவரிடத்தும் அத்தயக்கம் வேண்டுமென்றால், சாக்கடை தோண்ட வந்த ஏழையிடத்து நாம் எவ்வாறு நடத்தல் வேண்டும்?

மாணவச் செல்வங்களே! டாலெக்கைப் பாருங்கள், அஞ்சுங்கள், சிரியுங்கள்; தடையில்லை. அப்பணி இன்னும் முடியவில்லை. நாளைக் காலை அத்தொழிலாளர் மீண்டும் வருவர். அவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் கன்னட நாடு!