பட்டமும் பட்டாவும்

 

வர்க்கம் என்பது மாத வருமானத்தின் மறுபெயரன்று. நிலமும் முதலும் எவர் கையில் உள்ளன, எவர் தம் உழைப்பை மட்டும் விற்று வாழ்கின்றனர் என்ற உறவையே கார்ல் மார்க்ஸ் அச்சொல்லால் சுட்டினார். மாக்ஸ் வெபர் பொருள்நிலையிலிருந்து சமூக மதிப்பைப் பிரித்துக் காட்டினார். அப்பிரிவு எத்தகையது என்பதற்கு நிலக்கோட்டையை அடுத்த பட்டிவீரன்பட்டியில் பிறந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனாரின் செயலே விளக்கம் தரும்: கையில் கட்டணம் இருந்தும் ஆதிதிராவிடர்கள் பேருந்தில் ஏற்றப்படாதிருந்த காலத்தில், இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த அவர், அவர்களை ஏற்ற மறுக்கும் வண்டிகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார்.

நிலக்கோட்டைப் பூச்சந்தையிலோ பொருள்நிலையின் அடுக்குகளை நாள்தோறும் காணலாம். விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்பவர் கூலி பெறுகிறார். தோட்டக்காரர் அன்றைய விலைக்குக் கட்டுப்படுகிறார். கமிஷன் கடைக்காரர் விலை எதுவாயினும் தம் பங்கைக் கழித்துக்கொள்கிறார். முகூர்த்த நாளில் ஏறும் விலையின் பயன் பறித்தவர் வீட்டை எட்டுவது அரிது.

அவ்வீடுகளின் மகள்கள் நிலக்கோட்டை அரசு மகளிர் கலைக் கல்லூரியில் இன்று பட்டம் பெறுவது பெருமாற்றமே. 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையோடு உயர்கல்வியில் சேர்ந்தோரை ஒப்பிடும் மொத்தச் சேர்க்கை விகிதம், 2021-22இல் இந்திய அளவில் 28.4 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் 47 சதவீதமாக இருந்தது. ஆயினும் கல்வி சம்பளத்தையே தரும். சம்பளம் நின்ற மாதத்திலும் ஒரு குடும்பத்தைத் தாங்குவது உடைமையே என்பதால், வர்க்கம் மாறியதா என்பதை அந்த மாதத்தில்தான் அறிய முடியும்.

இதனைத் தம் வாழ்க்கையாலேயே உணர்த்தியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926இல் இதே வட்டாரத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து, காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவால் பட்டதாரியான அவர், பட்டத்தைக் கொண்டு தாம் மட்டும் உயர்ந்துகொள்ள எண்ணவில்லை. 1950இல் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தபின் இருவரும் பூதான இயக்கத்தில், அதாவது உடையவரிடம் நிலத்தைக் கொடையாகப் பெற்று இல்லாதவருக்கு அளிக்கும் பணியில், தம்மை ஈடுபடுத்திக்கொண்டனர். 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதையடுத்து கிருஷ்ணம்மாள் அங்கே சென்றார். கூலி கேட்கும் நிலையிலேயே மக்கள் இருக்கும்வரை அச்சமும் நீடிக்கும் என்பதால், 1981இல் லாப்டி என்னும் உழுவோர் நிலவுரிமை இயக்கம் தொடங்கப்பட்டது. நிலவுடைமையாளருடன் பேசி, வங்கிக் கடன் பெற்று, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவ்வியக்கம் நிலம் பெற்றுத் தந்தது. அந்நிலங்கள் பெண்களின் பெயரில் பதிவு செய்யப்பட்டன என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. 2008இல் அவருக்குக் கிடைத்த ரைட் லைவ்லிஹுட் விருதைவிட அப்பத்திரங்கள் பெரியவை.

இங்கு உரையாற்றுபவர் பொருளியல் மாணவராக இருந்த நாள்களில், நிலவுடைமை ஏக்கர்க் கணக்காகவே கற்பிக்கப்பட்டது. அந்த ஏக்கர் வீட்டில் எவர் பெயரில் உள்ளது என்ற வினா வகுப்பில் எழவில்லை. பிற்காலத்தில் கிராம ஆய்வுகளில், நிலம் தங்களுடையது என்று கூறிய பெண்களின் பெயரைப் பட்டாவில் காண்பது அரிதாகவே இருந்தது.

சட்டம் இதில் பின்தங்கவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இல் செய்த திருத்தம், அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கை வழங்கியது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அதனை நாடெங்கும் விரித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், தந்தை 2005இல் உயிரோடு இருந்தாரா என்பதைப் பொருட்படுத்தாமல் அவ்வுரிமை மகளுக்குப் பிறப்பாலேயே வருவது என்று தெளிவாக்கியது. இருந்தும் சார்பதிவாளர் அலுவலகங்களில் சகோதரிகள் தம் பங்கைச் சகோதரர்க்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் பாசத்தின் பெயரால் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இன்று பட்டம் பெறுவோரில் பலரின் முன்னும் அத்தகைய பத்திரம் ஒருநாள் வைக்கப்படலாம். அப்போது அதன் சொத்து விவரத்தையும் சர்வே எண்ணையும் பரப்பளவையும் படித்து, வில்லங்கச் சான்று கேட்டு, விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று கணக்கிட்ட பின்னரே கையெழுத்திடுவதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். சாலையோர வீட்டுமனை என்றாலும் வானம் பார்த்த அரை ஏக்கர் என்றாலும் அந்தக் கணக்கு ஒன்றே.