உறக்கத்தைக் கெடுக்கும் மருந்து



1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று என்பதை நாம் அறிவோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ, சாராயத்தைப் போல நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்காத பொருள். மெத்தாம்பெட்டமைன் என்பது அதன் பெயர்.

1893-இல் நாகாய் நாகயோஷி என்னும் ஜப்பானிய வேதியியலறிஞர் இதனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில், களைப்பின்றி நடக்கவும் உறங்காது போரிடவும் செருமானியப் படைவீரர்க்கு இது ‘பெர்விட்டின்’ மாத்திரையாக வழங்கப்பட்டது. பின்னர்த் தாய்லாந்தில் லாரி ஓட்டுநர்கள் இதனை விழுங்கினர். ‘குதிரை மருந்து’ என்று அங்கு வழங்கிய பெயரை 1996-இல் ‘பித்து மருந்து’ என மாற்றினர். பொருத்தமான பெயர்தான்!

லாரி என்றதும் நமக்கு நாமக்கல்லும் சங்ககிரியும் நினைவுக்கு வராமல் இரா. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் வடக்கே நெடுந்தொலைவு செல்கின்றன. நம் தெருப் பிள்ளைகள் பலர் அவற்றில் கிளீனராகவும் ஓட்டுநராகவும் போனவர்கள். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார்த் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சரக்கு சேரவேண்டிய அவசரமோ வேறு கணக்குச் சொல்கிறது. ‘இதைப் போட்டால் தூக்கம் வராது’ என்னும் சொல் அங்கேதான் விலைபோகும்.

தூக்கம் வராதது உண்மையே. ஆனால் களைப்பு நீங்குவதில்லை, மறைகிறது. மூளையில் டோபமைன் அளவுக்கு மீறிச் சுரப்பதால் ஊக்கம் பொங்குகிறது. இதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தமும் உடற்சூடும் ஏறுகின்றன, பசி அடங்குகிறது. வேகம் தணிந்ததும், அடக்கி வைத்த உறக்கம் ஓட்டுகையிலேயே வந்து கவிகிறது. தொடர்ந்து கொள்வோர்க்குப் பல் சொத்தையாகும். இல்லாத குரல் கேட்கும். பெற்ற தாய்மீதும் ஐயம் தோன்றும். ஊசியைப் பகிர்ந்தால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் தொற்றக்கூடும்.

இன்னொன்றையும் கூறவேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி 50 கிராம் என்பதே வணிக அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டுக் கடுங்காவல். கூலிக்காகப் பொட்டலம் சுமக்கும் ஏழைப் பையனுக்கும் இதே தண்டனைதான். அவன் தங்கையின் படிப்பு அன்றே நிற்கும். ஆயின் பழக்கத்துக்கு ஆளானவன், சிறிய அளவே வைத்திருந்து, அரசு ஏற்ற மருத்துவமனையில் தானாகச் சிகிச்சை பெற முன்வந்தால் வழக்கினின்று காக்கும் 64-ஏ பிரிவும் அச்சட்டத்திலேயே உண்டு. போலீசுக்கு அஞ்சி மகனை அறைக்குள் பூட்டிவைக்கும் பெற்றோர் பலர் இதனை அறியார். இப்பழக்கத்துக்கென ஏற்கப்பட்ட தனி மருந்து இல்லை. மாதக்கணக்கில் மனநல ஆலோசனையே சிகிச்சை. அரசின் உதவி எண் 14446. அழைக்கக் கட்டணம் இல்லை.