மூச்சடக்கி மூழ்குவோர் மயங்குவது ஏன்?

(நமது சங்கத்தில் ஆற்றிய உரை)



கொத்மலை ஓயாவும் நீர்த்தேக்கமும் சூழ வாழும் நமக்கு நீராடல் புதிதன்று. நீருக்கடியில் அதிக நேரம் இருப்பவர் யார் என்று நம் பிள்ளைகள் பந்தயம் பிடிப்பதும் புதிதன்று. ஆனால், நன்றாக நீந்தத் தெரிந்தவனும் இப்பந்தயத்தில் உயிரிழக்க நேரிடும். அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

நம் முன்னோரிற் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, இம்மலைநாட்டை அடைந்தவர்கள். அந்த மன்னார்க் கடலிலேதான் நூற்றாண்டுகளாக முத்துக்குளிப்பு நடந்தது. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. முத்துக்குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, 5 முதல் 10 பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடமே நீருக்குள் இருப்பார். படகில் ஒருவர் அவருக்காகவே கயிறு பிடித்து நிற்பார். கீழே கயிறு அசைந்ததும் விரைந்து இழுப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையிலேதான் கொடுப்பார்கள் என்பது வழக்கு. உடன்பிறந்தாளின் தாலியைக் காக்க வேண்டியவன் அவனன்றோ!

இத்தனை எச்சரிக்கை எதற்காக? அந்நாளில் தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்படித்து எழுப்பினார்கள் அல்லவா? நம் உடம்பினுள்ளும் அத்தகைய தப்பு ஒன்று உண்டு. மூச்சை அடக்கினால் இரத்தத்திற் கரியமிலவாயு சேருகிறது; அதுவே "மூச்சு விடு" என்று நம்மை நெருக்குகிறது. பிராணவாயு குறைவதை மட்டும் உடம்பு அவ்வளவு உரக்க அறிவிப்பதில்லை.

மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விடுவோர் பிராணவாயுவைச் சேமிப்பதாக எண்ணுகிறார்கள். இரத்தத்தில் அது முன்னரே ஏறக்குறைய நிறைந்துள்ளது. வெளியேறுவது கரியமிலவாயுவே. ஆகவே தப்பு முழங்குவதற்கு முன்னரே மூளைக்குப் பிராணவாயு போதாமற் போகிறது. வலியுமில்லை, திணறலுமில்லை, திடீரென நினைவு தப்புகிறது. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிரெய்க் 1961இலேயே இதனை எடுத்துரைத்தார்.

ஆழத்தில் மற்றோர் ஆபத்தும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே அந்த அழுத்தமே நெஞ்சிலுள்ள பிராணவாயுவை இரத்தத்திற் செலுத்துகிறது. மேலே வர வர அழுத்தம் தளர்ந்து, அவ்வுதவி சட்டென்று குன்றுகிறது. ஆதலால் நீர்மட்டத்துக்கு அருகிலே வந்தபின்பும், தலையை வெளியே நீட்டிய சில விநாடிகளிலும் மயக்கம் நேரலாம். வெளியே வந்தவரையும் அரை நிமிடமாவது கண்காணிக்க வேண்டும்.

மயங்கியவரைக் காப்பது எப்படி? முதலில் முகத்தை நீருக்குமேல் தூக்குக. பெயர் சொல்லி "மூச்சு விடு" என்று அழைத்து, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதுக. உடனே தூக்கப்பட்டவர் பெரும்பாலும் சில விநாடிகளில் மூச்செடுப்பார். எடுக்காவிடில் கரையில் மல்லாத்திக் கிடத்தி, தலையைச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுக. அப்போதும் அசைவின்றேல், மார்பின் நடுவே 5 சென்றிமீட்டராவது அமிழும்படி 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுக. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில் இதனைத் தொடர்க. இதற்குள் வேறொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்கட்டும். வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டா; அருமையான நிமிடங்கள் அதிலே வீணாகும். கண் விழித்தவரையும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகவேண்டும்.

நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்கலாகாது. கயிறோ மூங்கிலோ நீட்டினால் போதும்.

இளைஞர்களே! மூச்சடக்கம் நம் முன்னோர்க்கு யோகம். ஆனால் அது தரையில் அமர்ந்து, ஆசான் அருகிருக்கப் பயில்வது. நீருக்கடியில் அதனைப் பந்தயமாக்குதல் வீரமன்று. பெரியோர்களே! இப்பந்தயங்களைக் கண்டால் அதட்டி அனுப்புவதோடு நில்லாது, காரணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். கடலையே வாழ்வாகக் கொண்ட முத்துக்குளிப்பவரும் மேலே கயிறு பிடிக்க ஆளின்றி இறங்கவில்லை. நாமும் தனியே மூழ்காதிருப்போம். மூழ்குபவர்மீது கண் வைத்திருப்போம். உயிர்மீட்கும் இம்முறையை ஒவ்வோர் அங்கத்தவரும் கற்றுக்கொள்வோம்.