காற்றுக்கு விலையில்லை, கடனுக்கு உண்டு!

(உள்ளாட்சிப் பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காற்று இலவசம், கதிரவன் ஒளி இலவசம், ஆகவே அவற்றிலிருந்து பெறும் மின்சாரமும் ஏறத்தாழ இலவசமே என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். செவிக்கு இனிய பேச்சுதான், கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால், கைதட்டிய அதே கரங்களில் நாளை ஓர் ஊராட்சியின் கணக்கேடு ஒப்படைக்கப்படுமானால்? உங்களிற் பலர் உள்ளாட்சி மன்றங்களில் பொறுப்பு வகித்தவர்கள். வேறு பலர் இனி வகிக்கவிருப்பவர்கள். ஆகவே, கைதட்டலை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம், வாருங்கள்.

மேட்டூர் அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, இரயிலில் மேட்டூர் வந்து சேருகிறது. நாள்தோறும் கரி; நாள்தோறும் செலவு. நிலையத்தை நிறுத்தினால் கரிச் செலவும் நின்றுவிடும். காற்றாலையின் கதை வேறு. அதன் செலவு பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பொறி, கோபுரம், நிலம், கம்பித்தடம் ஆகிய அனைத்துக்கும் பணத்தை எண்ணி வைத்த பிறகே இறக்கை சுழலும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கடனாக வருகிறது. கடன் என்ன கேட்கும்? வட்டி கேட்கும். அனல் நிலையம் கரியைத் தின்கிறது என்றால், காற்றாலை வட்டியைத் தின்கிறது என்று சொன்னால் தவறில்லை.

நமக்கு இது புதிதுமன்று. 1932இல் சென்னை அரசாங்கம் பைக்காராவில் நீர்மின் நிலையத்தை இயக்கியபோதும் இதே கணக்குத்தான். அருவிக்கு யாரும் விலை கேட்கவில்லை. குழாய்க்கும் பொறிக்கும்தான் முதல் தேவைப்பட்டது. அந்த முதலை அரசாங்கம் போட்டது.

இனி ஓர் ஊரின் கணக்கைச் சொல்கிறேன். கோவை மாவட்டத்தில், நீலமலையின் அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. குடிநீரை ஏற்றி இறைக்கத் தொடங்கியதும் அந்த ஊராட்சியின் மின்கட்டணம் மளமளவென்று ஏறிற்று. தலைவராக இருந்த ஆர். சண்முகமும் மன்றத்தாரும் முதலில் 2003இல், நீர் இறைப்பதற்காக 9 கிலோவாட் அளவிலான விறகு வாயுப் பொறி ஒன்றை அமைத்தனர். அதிலே கை பழகிய பிறகு, 2006இல், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே வாங்கினர். விலை 1 கோடியே 55 இலட்சம் ரூபாய். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதி 1 கோடியே 15 இலட்சம் வங்கிக் கடன்.

காற்றாலையை அவர்கள் தம் ஊரில் நடவில்லை என்பதைக் கவனியுங்கள்! உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில் நட்டனர். ஏன்? பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் வழி அது. ஊர்ப்பெருமை பார்த்து ஊர் எல்லையிலேயே நட்டிருந்தால், பெருமை சுழன்றிருக்கும், இறக்கை சுழன்றிருக்காது. மைவாடியில் விளையும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் செலுத்தி, ஓடந்துறையின் கட்டணத்தில் கழித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 75 ஆயிரம் யூனிட் கிடைக்கும் என்று கணக்கிட்டனர். ஊருக்குத் தேவை 4 இலட்சத்து 50 ஆயிரம். மிச்சம் வாரியத்துக்கு விற்பனை. அந்த வருவாயைக் கொண்டே கடனை அடைத்தனர்.

இந்த 6 இலட்சத்து 75 ஆயிரம் என்ற எண்ணில் சிறிது நேரம் நில்லுங்கள். 350 கிலோவாட் பொறி ஆண்டு முழுதும், இரவும் பகலும், முழு வேகத்தில் ஓடினால் 30 இலட்சத்து 66 ஆயிரம் யூனிட் தர வேண்டும். கிடைப்பதோ அதில் 22 விழுக்காடு! பொறியில் குற்றமில்லை. காற்று நம் சம்பளக்காரனன்று; வைகாசியில் வந்து புரட்டாசியில் விடைபெறும் விருந்தாளி. பொறி விற்க வருபவர் கிலோவாட்டைச் சொல்வார். நீங்கள் யூனிட்டைக் கேட்க வேண்டும். அதுவும் அவர் வாய்மொழியாக அன்று, அந்த இடத்தில் ஓராண்டேனும் அளந்த காற்றின் கணக்காகக் கேட்க வேண்டும்.

அடுத்தது வட்டி. ஓடந்துறைப் பொறியின் விலையையும் விளைச்சலையும் மாத்திரம் வைத்துக்கொண்டு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலை முழுவதும் கடன், 20 ஆண்டில் சமத் தவணையில் அடைப்பது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 6 விழுக்காடாக இருந்தால், ஒரு யூனிட்டின் மேல் விழும் முதலீட்டுச் சுமை 2 ரூபாய். 12 விழுக்காடானால் அதுவே 3 ரூபாய்க்கு மேல் போகிறது. காற்று அதே காற்று. பொறி அதே பொறி! தவணைக் காலமும் இப்படித்தான். 10 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கெடு கிடைத்தால் யூனிட்டுக்கு 2 ரூபாய் 70 காசு. ஏழே ஆண்டில் கட்டு என்று வங்கி சொன்னால் 4 ரூபாய் 70 காசு. பொறி இருபதாண்டு உழைக்கும். வங்கிக்கோ ஏழாண்டுக்கு மேல் பொறுமையில்லை. இடையில் உள்ள பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? ஓடந்துறைக்கு அந்த 40 இலட்சம் கைகொடுத்தது. சேமிப்பே இல்லாத ஊராட்சி என்ன செய்யும்? நீண்ட கெடுவும் குறைந்த வட்டியும் உள்ள பொதுக் கடன் இருந்தாலன்றி, அந்த ஊராட்சிக்குக் காற்று இலவசம் என்பது வெறும் பேச்சுதான்.

அரசு இத்துறைக்கு உதவவே இல்லையா என்று கேட்பீர்கள். உதவிற்று, ஆனால் எப்படி? 1990களில், காற்றாலை வாங்கிய முதலாண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு வழிவிட்டது. பின்னர் அது 80 விழுக்காடாயிற்று. 2017 முதல் 40 விழுக்காடு. முப்பந்தலிலும் பல்லடத்திலும் கோபுரங்கள் பெருகியதற்கு இச்சலுகையும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அது எவருக்குப் பயன்பட்டது? பெரிய இலாபமும் பெரிய வரியும் உள்ளவருக்கு. வருமான வரியே கட்டாத ஊராட்சிக்கு அது வெறுங்காகிதம். மேலும், சலுகை பொறி வாங்குவதற்கேயன்றி, மின்சாரம் விளைவிப்பதற்கு அன்று. வரி மிச்சமான பிறகு இறக்கை சுழன்றால் என்ன, சுழலாவிட்டால் என்ன என்று எண்ணுவதற்கு அதில் இடமிருந்தது. விளைந்த யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்ற திட்டம் 2009இல்தான் வந்தது.

டென்மார்க்கில் வேறொரு வழி கண்டனர். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே, மிடில்குருண்டன் என்ற கடல்திட்டில், 2000ஆம் ஆண்டில் 20 காற்றாலைகள் எழுந்தன; ஒவ்வொன்றும் 2 மெகாவாட். பாதி நகரத்தின் மின் நிறுவனத்துக்கு. மறுபாதி ஒரு கூட்டுறவுக்கு. அந்தப் பாதியை 40,500 பங்குகளாகப் பிரித்தனர். பங்கின் விலை 4,250 குரோனர். ஒரு பங்கு ஆண்டுக்கு 1,000 யூனிட் விளைச்சலுக்கு ஈடு. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாங்கினர். கூட்டுறவு தன் பெயரில் கடன் வாங்கலாகாது என்று விதியே செய்துகொண்டனர்! முதலில் 27 பொறிகளை மூன்று வரிசையாக நிறுத்துவதாக இருந்தது. கடற்கரைத் தோற்றம் கெடும் என்று மக்கள் கூறினர்; திட்டத்தைத் திருத்தி, இருபதாகக் குறைத்து, வில்போல் வளைந்த ஒரே வரிசையாக்கினர். அத்திருத்தத்தினால் மக்கள் எதிரிகளாகாமல் பங்காளிகளாயினர். நம் ஊரில் ஒருவர் கையில் அந்த அளவு பணம் இராது என்பது உண்மையே. ஆனால், நெசவாளர் கூட்டுறவும் பால் கூட்டுறவும் சிறு பங்குகளால்தானே எழுந்தன?

விற்பனையைப் பற்றியும் ஒரு சொல். வாங்குபவர் வாரியம். வாரியம் வாங்கும், ஆனால் பணம்? 2010க்குப் பின் வந்த ஆண்டுகளில் காற்றாலைக்காரர்களுக்கு வரவேண்டிய தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதுண்டு. வங்கித் தவணை அதற்காகக் காத்திருக்காது. விற்று வரும் பணத்தை முழுவதும் நம்பிக் கடன் வாங்கிய ஊராட்சி அந்த மாதங்களில் தெருவிளக்கை அணைக்க நேரும். ஓடந்துறையார் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கைத் தம் சொந்தக் கட்டணத்திலேயே கழித்துக்கொள்ளும்படி அளவறிந்து வாங்கினர். அவர்கள் செய்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆகவே, பொறியைப் பார்க்கப் புறப்படுமுன், உங்கள் ஊராட்சியின் சென்ற மூன்றாண்டு மின்கட்டணச் சீட்டுகளைத் தேடி எடுத்து, நீர் இறைக்க எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்று பிரித்தெழுதுங்கள்.

இன்னொன்று. இருபதாண்டு கழிந்தால் பொறி கிழடாகும். மாற்றுப் பொறிக்கு மறுபடியும் கோடி வேண்டும். முதலாண்டு வருவாயிலிருந்தே ஒரு பகுதியை அதற்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கி, அதைத் தொடலாகாது என்று மன்றத் தீர்மானத்திலேயே எழுதி வையுங்கள். கடன் தீர்ந்த ஆண்டில், அந்தப் பணத்தைக் காட்டி, அலங்கார வளைவு கட்டலாம் என்று யோசனை சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவர் நம் தோழராகவும் இருக்கக்கூடும்!