மாற்றுக் கருத்தினர் மனம் கொள்ள



கட்டுரை பல வகைப்படும். கண்டதை வருணிப்பது ஒருவகை. அறிந்ததை விளக்குவது மற்றொரு வகை. ஒரு கருத்தை நிலைநாட்டி, படிப்பவரை அதற்கு இணங்கச் செய்வது மூன்றாம் வகை. இம் மூன்றாம் வகைக் கட்டுரையைத் திட்டமிட்டு எழுதும் முறை பற்றியே இன்று பேச விரும்புகிறேன். தேர்வில் எழுதுவதோடு இதன் பயன் முடிந்துவிடுவதில்லை. ஊராட்சிக்கு ஒரு விண்ணப்பம், செய்தித்தாளுக்கு ஒரு கடிதம், மேற்படிப்புக்கு இசையாத தந்தையாருக்கு ஒரு மடல் என்று வாழ்நாள் முழுவதும் உங்களுக்கு இது துணையாக நிற்கும்.

நான் பள்ளியில் பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்கிறேன். திருமயத்திற்கு அருகில் உள்ள சிற்றூர் எங்களுடையது. வானம் பார்த்த பூமி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழை கண்மாயையும் ஊருணியையும் நிரப்பினால்தான் அந்த ஆண்டு பிழைப்பு. கண்மாய் நீர் வயலுக்கு; ஊருணி நீர் மக்களுக்கும் கால்நடைகளுக்கும். எங்கள் ஊருணியோ தூர்ந்து போய், பங்குனி பிறக்கும்போதே நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். அதனைத் தூர்வார வேண்டும் என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஆசிரியர் பாராட்டி, ஊர்க் கூட்டத்தில் அதனைப் படிக்கச் செய்தார். நீரின் பெருமை, முன்னோரின் அறிவு, ஒற்றுமையின் உயர்வு யாவும் அதில் இருந்தன. எல்லாரும் கைதட்டினர். அப்பொழுது, மாடுகளை வைத்துப் பிழைக்கும் முதியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, நல்லாத்தான் படிச்சே. தூர்வாரணும்னா இருக்கிற தண்ணியை இறைக்கணுமே. அந்த ரெண்டு மாசமும் என் மாடு எங்கே போய்த் தண்ணி குடிக்கும்?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. கூட்டம் கலைந்தது. அந்தக் கோடையில் ஊருணி தூர்வாரப்படவும் இல்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்பது நெடுநாள் கழித்தே எனக்கு விளங்கிற்று. கைதட்டியவர்கள், நான் படிக்கத் தொடங்கும் முன்னரே என் கருத்துக்கு உடன்பட்டவர்கள். இணங்காதிருந்தவர் அந்த முதியவர். அவருக்கென்று என் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. பிறரை இணங்கச் செய்யும் கட்டுரை, இணங்காதவரை முன்னிருத்தி எழுதப்பட வேண்டும். இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுவே. திட்டமும் நடையும் பிறவும் இதனை ஒட்டியே அமையும்.

இது நம் மரபுக்குப் புதிதன்று. நூலாசிரியர் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்று நன்னூல் வகுத்துச் சொல்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், அதனை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல் ஆகியன அவற்றுள் அடங்கும். தத்துவ நூலாகிய சிவஞான சித்தியாரின் அமைப்பை நோக்குங்கள். பரபக்கம், சுபக்கம் என்று அது இரு பகுதிகளை உடையது. பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து ஆராய்ந்து மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். ஆசிரியர் பிறர் தரப்பைக் கூறிய பின்னரே தம் தரப்புக்கு வருகிறார். கட்டுரைக்கும் இந்த முறை பெரிதும் பொருந்தும்.

இனி, நம் புதுக்கோட்டையில் பிறந்த ஒருவரின் வரலாற்றைக் காண்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்தார். புதுக்கோட்டை அந்நாளில் தனி அரசு. மன்னர் கல்லூரியில் ஆண்களோடு ஒரு பெண் பயிலக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோதும், மன்னர் அவருக்கு இடம் அளித்தார். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அம்மையார், 1926 இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927 இல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. பொட்டுக்கட்டப்பட்ட மகளிருள் பலரும் தீர்மானத்தை எதிர்த்து மனுக் கொடுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களின் மறுப்புகளில் இரண்டு வலிமை வாய்ந்தவை. கோயில் பணிக்காக விடப்பட்ட இனாம் நிலங்களே பலருக்கு வாழ்வாதாரம். பணி நின்றால் நிலமும் போய்விடுமே என்பது ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட இசையும் நடனமும் என்னவாகும் என்பது மற்றொன்று.

முதல் மறுப்புக்கு என்ன விடை கிடைத்தது? அம்மையாரின் முயற்சியால் 1929 இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் நிலத்தைப் பணிக்கடமையினின்றும் விடுவித்து, அதனை அனுபவித்து வந்த மகளிர்க்கே உரிமையாக்க வழி செய்தது. நிலத்தை இழப்போம் என்ற அச்சத்தைப் பழிக்காமல், அதற்கு நேராக விடை சொன்ன திருத்தம் அது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் மசோதாவையும் அம்மையார் 1930 இல் கொண்டுவந்தார். எனினும் அவ் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947 இல்தான் நிறைவேறியது.

இரண்டாம் மறுப்பின் கதை வேறு. 1932 ஆம் ஆண்டின் இறுதியில், செய்தித்தாள்கள் வாயிலாக அம்மையாருக்கும் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயருக்கும் இடையே நடனம் பற்றிப் பெரும் விவாதம் நடந்தது. வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியில் கலையை அழித்துவிடலாகாது என்பது ஐயரின் வாதம். கலை அழியவில்லை, பரதநாட்டியம் என்ற பெயரோடு மேடை ஏறிற்று. ஆனால் அதனைக் காத்துவந்த குடும்பங்களின் மகளிர் பலருக்கு அம்மேடையில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்றும் எழுதப்படுகிறது, பேசப்படுகிறது. அம்மையாரின் நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஒரு மறுப்புக்கு முழு விடை கிடைக்காவிடில் அது தலைமுறை கடந்தும் நம்மைத் தேடி வரும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

இனி, எழுதும் முறைக்கு வருவோம். என் பழைய ஊருணிக் கட்டுரையையே எடுத்துக்கொண்டு, அதனை எவ்வாறு திட்டமிட்டிருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, துணிபு. தலைப்பு வேறு, துணிபு வேறு. “நீரின் சிறப்பு” என்பது தலைப்பு. அதனை மறுப்பார் எவரும் இலர்; ஆதலின் அதில் வாதத்திற்கு இடமில்லை. “வருகின்ற சித்திரையில் நம் ஊருணியைத் தூர்வார வேண்டும்” என்பது துணிபு. இன்ன செயல், இன்ன காலத்தில் என்று அது வரையறுக்கிறது. அறிவுடைய ஒருவர் மறுக்கக்கூடிய ஒரே வாக்கியமாக உங்கள் துணிபை எழுதிக்கொள்ளுங்கள். அவ்வாறு எழுத இயலவில்லையெனில், நீங்கள் இன்னும் சிந்தித்து முடிக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, எதிரில் இருப்பவர். ஒரு தாளின் நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கத்தில் உங்கள் காரணங்களை எழுதுங்கள். வலப்பக்கத்தில் இணங்காதவரின் காரணங்களை, அவரே படித்தாலும் “ஆம், இதைத்தான் சொன்னேன்” என்று ஒப்பும்படி எழுதுங்கள். அவர் எதனை இழக்க நேரும் என்று கேட்டுப் பாருங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், எழுந்து சென்று அவரையே கேளுங்கள். நானும் மறு ஆண்டு அந்த முதியவரிடம் சென்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “நடுவிலே ஒரு மண்கரை போடு. ஒரு பாதியிலே தண்ணி கிடக்கட்டும். மறு பாதியைத் தோண்டு. அடுத்த வருசம் மாத்திக்க” என்றார். என் கட்டுரைக்கு இல்லாதிருந்த விடையை மறுத்தவரே தந்தார்!

மூன்றாவது, காரணமும் சான்றும். இடப்பக்கத்துக் காரணங்களுள் வலிய மூன்றை மட்டும் தெரிந்தெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சான்று வேண்டும். “ஊருணி மிகவும் தூர்ந்துவிட்டது” என்பது வெறும் கூற்று. “படித்துறையின் கீழ்ப்படிகள் நான்கு வண்டலில் புதைந்துள்ளன” என்பது சான்று. ஐயுறுபவர் சென்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். “எடுக்கும் வண்டல் வயலுக்கு எருவாகும்” என்பது உழவர்க்கு உரிய காரணம். யாருக்கு எந்தக் காரணம் பயன்படும் என்று அறிந்து அடுக்குங்கள். மிக வலியதைக் கடைசியில் வையுங்கள். படிப்பவர் நெஞ்சில் அதுவே தங்கும்.

நான்காவது, மறுப்பும் விடையும். எதிர்த்தரப்பின் மிக வலிய மறுப்பை ஒளிக்காமல் ஒரு பத்தியில் எடுத்துரையுங்கள். அதில் உண்மையாக உள்ள பகுதியை ஒப்புக்கொள்ளுங்கள். பின்னர் விடை கூறுங்கள். “கால்நடைகளுக்கு நீர் வேண்டும் என்பது மெய்யே, ஆதலின் ஊருணியைப் பாதி பாதியாகத் தூர்வாருவோம்” என்று எழுதும்போது உங்கள் துணிபே திருந்துவதைக் காண்பீர்கள். அது தோல்வி என்று எண்ணாதீர்கள். முழு ஊருணியையும் ஒரே கோடையில் தோண்ட வேண்டும் என்ற என் பழைய துணிபைவிட, பாதி பாதியாக என்ற புதிய துணிபு நல்லது, நடக்கக்கூடியதும் ஆகும்.

இவ்வளவும் திட்டம். ஐந்தாறு வரிகளில் இதனை எழுதிவிடலாம். தேர்வில் கட்டுரைக்கு நாற்பது நிமிடம் கிடைத்தால், எட்டு நிமிடத்தைத் தயங்காமல் இதற்குச் செலவிடுங்கள். அருகிலிருப்பவர் இரண்டாம் பக்கத்திற்குப் போய்விட்டாரே என்று பதறவேண்டா.

அடுத்து முதல் வரைவு. காரணங்களையும் மறுப்பையும் முதலில் எழுதுங்கள். வீட்டில் எழுதும்போது முன்னுரையைக் கடைசியில் எழுதுவதே நலம். எந்த வீட்டுக்கு வாயில் வைக்கிறோம் என்பது வீடு எழும்பிய பின்னரே தெளிவாகத் தெரியும். சொல்லழகைத் தேடி இடையில் நிற்காமல், ஒரே அமர்வில் எழுதி முடியுங்கள்.

பின்னர்த் திருத்தம். ஒருநாள் கழித்து உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். “மிகவும்”, “எல்லாரும்”, “எப்போதும்” என்ற சொற்கள் வருமிடமெல்லாம் உண்மைதானா என்று கேளுங்கள். எதிர்த்தரப்பினரை இகழும் அடைமொழி இருந்தால் நீக்குங்கள். இகழப்பட்டவர் இணங்குவதில்லை. இறுதியாக, உங்கள் கருத்தை ஏற்காத ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டுங்கள். நண்பரின் பாராட்டைக் காட்டிலும் அவர் கேட்கும் ஒரு கேள்வி உங்களுக்குப் பெரிய உதவியாகும்.

இரண்டாம் முறை ஊர்க் கூட்டத்தில் நான் படித்த கட்டுரை முன்னதில் பாதி நீளமே இருந்தது. கைதட்டலும் குறைவே. ஆனால் அந்தச் சித்திரையில் ஊருணியின் நடுவே மண்கரை எழுந்தது. முதல் கூடை மண்ணை எடுத்துப் போட்டவர் அந்த முதியவர். 

மாணவர்களே, இன்று வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுங்கள். உங்கள் ஊரில் நடக்கவேண்டும் என்று நீங்கள் விரும்பும் ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு, அதனை ஏற்காதவர் யார் என்று எண்ணிப் பார்த்து, அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று சிறிது நேரம் அமர்ந்து கேளுங்கள். கட்டுரையின் முதல் வரியை அதன் பிறகு எழுதலாம்.