உழவனின் நண்பன் நம் குடியிருப்புக்கு வரட்டும்

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், குடியிருப்புவாசியான பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியது)



மண்புழு யாருடைய நண்பன் என்று கேட்டால், நம் பிள்ளைகள் எல்லாரும் "உழவனின் நண்பன்" என்பார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதே பிள்ளை வாழைப்பழத் தோலையும் பிஸ்கட் கவரையும் ஒரே கூடையில் போட்டால், பாடம் பாதிதான் நடந்திருக்கிறது. மீதிப் பாதி வீட்டில் நடக்க வேண்டும்.

வகுப்பில் ஓர் எளிய சோதனை செய்கிறோம். கண்ணாடி பாட்டிலில் மணலையும் தோட்டத்து மண்ணையும் மாறி மாறி அடுக்கி, லேசாக ஈரமாக்கி, நாலைந்து மண்புழுக்களை விட்டு, மேலே காய்ந்த இலைகளைப் போடுவோம். மண்புழுவுக்குக் கண் கிடையாது. ஆனால் தோலால் வெளிச்சத்தை உணரும், அது அதற்கு ஆகாது. அதனால் பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதம். சில வாரங்களில் பிரித்துப் பார்த்தால் அடுக்குகள் கலந்திருக்கும். பிள்ளைகளின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! சார்லஸ் டார்வினும் வீட்டில் தொட்டிகளில் புழு வளர்த்துப் பார்த்தவர்தான்; 1881-ல் மண்புழுவைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணின் புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம் என்று காட்டியவர். மட்கும் குப்பையில் மேலாக வாழ்வது ஒரு வகை. மேல்மண்ணைத் துளைத்து வாழ்வது இன்னொரு வகை. இரண்டும் நம் ஊரிலேயே உண்டு.

ஒருமுறை எங்கள் வகுப்புத் தொட்டியில் யார் வீட்டிலிருந்தோ ஊறுகாய் கலந்த மிச்சம் விழுந்துவிட்டது. மறுநாள் பல புழுக்கள் செத்துக் கிடந்தன. மண்புழு ஈரத் தோலால் மூச்சு விடுவது. உப்பு அதற்கு எமன். அன்று அழுத பிள்ளைகள் இன்று வரை குப்பையைப் பிரிக்காமல் போடுவதில்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். திடக்கழிவு விதிகள்படி குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நம் கடமை. காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள் ஆகியவற்றைத் தனியாகக் கொடுங்கள். எண்ணெய், உப்பு, இறைச்சி, எலுமிச்சைத் தோல் வேண்டாம். பூங்கா ஓரத்து நிழலில் இரண்டு தொட்டி போதும். குப்பையைச் சாணம், சருகுடன் இரண்டு மூன்று வாரம் மட்கவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் புழுவை விட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். சருகு சேர்த்தால் சரியாகும். எறும்பு ஏறாமல் தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கலாம்.

சிப்காட்டில் ஷிப்டு முடிந்து களைத்து வருகிறவர்களை நான் தொட்டி பார்க்கச் சொல்லவில்லை. அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நாம் பிரித்துக் கொடுத்தால் போதும்.