அரங்கன் போன வழி

திருவரங்கம் பெரிய கோயிலில் பெருமாளுக்கு இரண்டு திருமேனிகள். கருவறையில் அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கும் மூலவர் சுமார் 21 அடி நீளமுள்ள சுதை வடிவம், இடம்விட்டுப் பெயராதவர். அவர் முன்னே நின்ற கோலத்தில் இருப்பவர் உற்சவரான நம்பெருமாள். தேரில் ஏறுவது, ஆற்றங்கரை மண்டபங்களுக்குப் புறப்படுவது, வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலைக் கடப்பது எல்லாம் இவரே. 14ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 48 ஆண்டுகள் இவர் ஊரிலேயே இல்லை. மதுரைச் சீமை, மலையாளக் கரை, கன்னட நாடு, திருமலை, செஞ்சி என்று சுற்றி 1371இல்தான் திரும்பி வந்தார்.

இந்தப் பயணத்துக்கு மூன்று வகைச் சான்றுகள் உண்டு. ஒன்று, கோயிலொழுகு. கோயில் நிர்வாகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பல கைகளில் எழுதிச் சேர்த்த வரலாற்று ஏடு அது. நிகழ்ச்சிகளை விவரமாகச் சொல்லும், ஆண்டுக் கணக்கில் தடுமாறும். இரண்டு, கோயில் சுவரில் உள்ள ஒரு சிறிய வடமொழிக் கல்வெட்டு. மூன்று, போன வழியில் இருக்கும் ஊர்களும் அங்கே இன்னும் வழங்கும் பெயர்களும். மூன்றும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவாகக் கிடக்கும் இந்த ஊருக்கு டில்லிப் படை இரண்டு முறை வந்தது. அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் தமிழகத்தில் நுழைந்தது 1311இல். அந்தப் படையெடுப்போடு சேர்த்துச் சொல்லப்படுவது துலுக்க நாச்சியார் கதை. உற்சவர் டில்லிக்குக் கொண்டுபோகப்பட்டார். சுல்தானின் மகள் அவர்மேல் காதல் கொண்டாள். கரம்பனூரிலிருந்து பின்தொடர்ந்து போன ஒரு பெண் சொல்லிய தகவலால், கோயிலில் பாசுரம் பாடி அபிநயிக்கும் அரையர் கூட்டத்தார் டில்லி சென்று ஆடிப் பாடிச் சுல்தானை மகிழ்வித்துப் பெருமாளைப் பரிசாகப் பெற்று வந்தார்கள். பிரிவு தாங்காத அந்தப் பெண்ணும் திருவரங்கம் வந்து உயிர்விட்டாள் என்பது ஒழுகின் கதை. டில்லி வரலாற்றாசிரியர்களிடம் இதற்குச் சான்று கிடையாது. ஆனாலும் அர்ச்சுன மண்டபத்தில் அவளுக்குச் சந்நிதி இருக்கிறது. சிலை அல்ல, சித்திரம். பெருமாளுக்கு ரொட்டியும் நெய்யும் அமுது செய்விப்பதும், திருமஞ்சன வேளையில் கைலி சாத்துவதும் அவள் பொருட்டு என்கிறார்கள் கோயிலார். கதை மெய்யோ பொய்யோ, படையெடுத்து வந்தவரின் மகளை நாச்சியாராக ஏற்றுக்கொண்ட துணிவு பெரிது.

இரண்டாம் படையெடுப்பு 1323இல். தலைமை தாங்கியவர் உலூக் கான். பின்னாளில் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் டில்லி அரியணை ஏறியவர். படை நெருங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது உற்சவர் கோயிலுக்குள் இல்லை. திருவிழாப் புறப்பாட்டில், கொள்ளிடக் கரைப் பக்கம் பன்றியாழ்வான் சந்நிதியருகே எழுந்தருளியிருந்தார். சுற்றிலும் பெருங்கூட்டம். அந்தக் குழப்பத்திலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் உற்சவரையும் உபய நாச்சிமாரையும் எடுத்துக்கொண்டு சிலரோடு தெற்கே புறப்பட்டார். அப்போது அவர் வயது நூற்றுக்கு மேல் என்பது மரபு. கோயிலுக்குள் மூலவர் இருக்கும் இடம் தெரியாதபடி கல் வைத்து வாசல் அடைக்கப்பட்டது. அந்தக் கற்சுவரை எழுப்புவித்தவர் மற்றொரு வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் என்பர். தாயார் திருமேனி வில்வ மரத்தடியில் புதைக்கப்பட்டது என்கிறது ஒழுகு.

பன்றியாழ்வான் மேட்டில் நடந்த கொலையில் 12,000 பேர் மாண்டார்கள் என்று ஒழுகு எழுதுகிறது. எண்ணிப் பார்த்து எழுதிய தொகை என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. ஊர் நினைவில் அந்த நாள் எவ்வளவு பெரிதாக நின்றது என்பதற்கு அளவு என்று கொள்ளலாம். தேசிகர் பிணங்களுக்கிடையே ஒளிந்திருந்து, சுதர்சன சூரி எழுதிய சுருதப்பிரகாசிகை ஏட்டையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொண்டு மைசூர்ப் பக்கத்துச் சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்தார். இராமாநுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு அமைந்த அந்தப் பேருரை இன்றும் படிக்கக் கிடைப்பது அதனால்தான். கோயில் கணிகை வெள்ளாயி, படைத்தலைவனைக் கோபுரத்தின் மேலேற்றிப் பேச்சுக் கொடுத்துத் தள்ளிவிட்டுத் தானும் விழுந்து இறந்தாள் என்பது இன்னொரு செய்தி. கிழக்குக் கோபுரம் வெள்ளைக் கோபுரம் என்ற பெயரில் நிற்கிறது. கோயில் கணிகையர் இறந்தால் சிதைக்கு மடைப்பள்ளியிலிருந்து நெருப்பு கொடுக்கும் வழக்கம் அவள் பெயரால் ஏற்பட்டதாம்.

தெற்கே போனவர்களின் வழியைத் தேடுவோர் முதலில் நிற்க வேண்டிய இடம் மதுரைக்கு வடகிழக்கே உள்ள யானைமலை. ஒத்தக்கடையை ஒட்டி, காலை நீட்டிப் படுத்த யானையாகக் கிடக்கும் ஒற்றைப் பாறை. மலையின் ஒரு பக்கம் நரசிங்கம், கி.பி. 770ஆம் ஆண்டில் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிம்மர் குடைவரை அங்கே இருக்கிறது. அதே மலையடிவாரத்தில் கொடிக்குளம் என்ற சிற்றூர். வைணவ நூல்கள் ஜோதிஷ்குடி என்று சொல்வது இதைத்தான். வழிப்பறிக் கள்ளர்களிடம் பெருமாளின் நகைகளும் பாத்திரங்களும் பறிபோக, தம்மிடமிருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்த முதியவர் இந்தக் காட்டோரத்தில் பெருமாளை மறைத்துவைத்தார். இங்கேயே நோயுற்றுக் காலமானார். வேதநாராயணப் பெருமாள் கோயிலும், அருகே பாறைச் சரிவும், லோகாசாரியரை அடக்கம் செய்த திருவரசும் இங்கே உண்டு. கூட்டம் நெரியும் ஊரல்ல. மதுரைக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் இதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆசாரியர் மறைந்த பின் உடனிருந்தவர்கள் பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு போனது பக்கத்திலிருக்கும் அழகர்கோயிலுக்கு. அங்கே அவருடைய திருமஞ்சனத்துக்காக ஒரு கிணறு வெட்டப்பட்டது. அழகிய மணவாளன் கிணறு என்பது அதன் பெயர். உற்சவருக்கு அந்நாளில் வழங்கிய பெயரும் அழகிய மணவாளன்தான். நம்பெருமாள் என்பது பிறகு வந்தது.

மதுரையே டில்லிக்கு அடங்கியிருந்த காலத்தில் அழகர்கோயில் பாதுகாப்பான இடமாக இல்லை. மலைகளைத் தாண்டி மலையாளக் கரைக்குப் போய்க் கோழிக்கோட்டில் சில காலம் தங்கினார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து அப்படியே தப்பி வந்திருந்த நம்மாழ்வார் திருமேனியும் அங்கே வந்து சேர்ந்தது. தம்மைப் பாடியவரோடு பெருமாள் அகதியாக ஒரே கூரையின்கீழ் இருந்த செய்தியை வைணவ நூல்கள் உருக்கமாகவே சொல்கின்றன. அங்கிருந்து கிழக்கே திரும்பித் திருக்கணாம்பி. கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கம் தெரகணாம்பி என்று வழங்கும் ஊர் அது. பிறகு, இராமாநுசர் காலத்திலிருந்தே வைணவர்களுக்குப் புகலிடமாக இருந்த மேல்கோட்டை. பிறகு திருமலை.

திருமலைக் காட்டில் நடந்ததாக ஒழுகு சொல்லும் ஒரு செய்தி தனியாகச் சொல்லத் தக்கது. இறுதிவரை உடனிருந்தவர்கள் கொடவர் என்ற கோயில் பணியாளர் மூவர். படை துரத்துகிறது என்று அஞ்சி, ஒருவர் திருமேனியைத் தம் உடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள, மற்ற இருவரும் கயிறு கொண்டு அவரைச் செங்குத்தான மலைச் சரிவில் கீழே இறக்கினார்கள். கிழங்கையும் காயையும் தின்று அந்தக் காட்டில் ஆண்டுக்கணக்கில் பூசை நடந்தது. அரசர்களின் பெயரும் ஆசாரியர்களின் பெயரும் நிறைந்த இந்த வரலாற்றில், உண்மையில் பாரம் சுமந்தவர்கள் இத்தகையோர்தாம். இன்று திருப்பதி மலைக்குப் போகிறவர்கள் மகாதுவாரம் கடந்ததும் காணும் ரங்கநாயக மண்டபம், திருவரங்கத்து உற்சவர் தங்கியிருந்த இடம் என்று தேவஸ்தானத்தாரே சொல்கிறார்கள். வேத ஆசீர்வாதம் பெற்றுக்கொண்டு வெளியேறும் அவசரத்தில் அந்தப் பெயரின் காரணத்தை யாரும் கேட்பதில்லை.

இதற்கிடையில் திருவரங்கம் எப்படி இருந்தது? 1335இல் மதுரை தனிச் சுல்தானியம் ஆயிற்று. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் அதன் படை தங்கியிருந்தது. போசளர் கட்டிய பழைய தலைநகர் அது. போசள மன்னன் சோமேசுவரன் எடுத்த கோயில் போஜீஸ்வரர் கோயில் என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. அந்தக் கண்ணனூரை மீட்க முயன்ற போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் 1342இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். திருவரங்கத்தின் வெளிமதில் கற்களைப் பெயர்த்துக் கண்ணனூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள் என்கிறது ஒழுகு. இடிந்து விழும் விமானத்துச் செங்கற்கள் அரங்கன்மேல் படாமல் ஆதிசேடன் படத்தால் தாங்குவதாக மதுரா விஜயம் என்ற வடமொழிக் காவியத்தில் ஓர் இடம் வருகிறது. எழுதியவர் கங்காதேவி. விசயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகனும், மதுரைச் சுல்தானியத்தை வீழ்த்தியவருமான குமார கம்பணரின் மனைவி.

கம்பணரின் அதிகாரிகளில் ஒருவர் கோபணர். செஞ்சிப் பகுதியை ஆண்டவர். திருமலையிலிருந்து உற்சவரை வரவழைத்துச் செஞ்சியருகே சிங்கவரத்தில் வைத்துப் பூசித்தார். பல்லவர் காலத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் இருக்கும் ஊர் அது. இடத் தேர்வு பொருத்தமானது. கண்ணனூர்ப் படையின் நிலவரத்தைத் திருவரங்கத்துச் சிங்கப்பிரான் என்பவர் உளவாக அனுப்பிவந்தார். தக்க தருணத்தில் கோபணர் படை நடத்திக் கண்ணனூரை வென்று பெருமாளைத் திருவரங்கம் சேர்த்தார்.

கல்வெட்டு பேசுவது இங்கேதான். இரண்டே சுலோகங்கள். சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371. கோபணர் அரங்கனைத் திருமலையிலிருந்து கொண்டுவந்து, செஞ்சியில் சில காலம் ஆராதித்து, பகைவரை அழித்து, திருமகளோடும் நிலமகளோடும் அவருடைய ஊரில் மீண்டும் நிலைநிறுத்தினார் என்பது சாரம். ஆக, கல் அறிந்தது கடைசி மூன்று ஊர்களை மட்டுமே. கொடிக்குளமும் கோழிக்கோடும் மேல்கோட்டையும் ஒழுகின் சொல்லையும் அந்தந்த ஊர் மரபையும் நம்பியே நிற்கின்றன. ஆனால் ஒழுகும் கல்லும் சந்திக்கும் அந்த மூன்று ஊர்களில் இரண்டும் ஒத்துப்போவதால், முந்தைய பகுதியையும் வெறுங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சுலோகங்களை இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்பது மரபு. அவர் மறைவுக்கு மரபு தரும் ஆண்டு 1369, கல்வெட்டோ 1371. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இயலாது. கல்லில் அவர் பெயர் இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது.

திரும்பி வந்தவருக்கு ஊரில் ஒரு சிக்கல் காத்திருந்தது. உற்சவர் இல்லாத காலத்தில் புதிதாக ஒரு திருமேனி செய்து எழுந்தருளச் செய்திருந்தார்கள். செஞ்சியிலிருந்து வந்திருப்பவர்தான் பழைய அழகிய மணவாளன் என்று அடித்துச் சொல்ல, பார்த்தவர் ஒருவரும் உயிரோடில்லை. ஒரே ஒருவர் இருந்தார்: பெருமாளின் உடைகளை வெளுத்துவந்த ஈரங்கொல்லி, கண்பார்வை போன கிழவர். அந்நாளில் திருமஞ்சனமானதும் பெருமாள் உடுத்திருந்த ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவர் உட்கொள்வது வழக்கம். அதன் சுவையும் கற்பூரம் கமழும் மணமும் தமக்கு நினைவிருக்கிறது என்றார். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் நடந்தது. இரண்டு ஈரவாடைத் தீர்த்தங்களையும் கொடுத்தார்கள். வந்திருப்பவரின் தீர்த்தத்தை வாயில் விட்டதும், இவரே நம் பெருமாள் என்று கூவினார் கிழவர். அன்றிலிருந்து அழகிய மணவாளன் நம்பெருமாள் ஆனார். கோயிலின் தலையாய வழக்கு ஒன்றில் வேதம் ஓதியவர்களின் சாட்சியோ அரசாணையோ எடுபடாமல், துணி வெளுத்தவர் சொல் தீர்ப்பானது என்று கோயிலின் சொந்த ஏடே பதிந்துவைத்திருக்கிறது.

நடுவில் வந்த திருமேனியையும் அகற்றவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் அவரும் கோயிலில் இருக்கிறார்; உற்சவ காலங்களில் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவரே. தாயார் சந்நிதியில் மூலவர் திருமேனிகள் இரண்டு இருப்பதற்கும் இதே காரணம் கூறப்படுகிறது: புதைத்த இடம் தெரியாமல் புதிதாக ஒன்று செய்ய, பிறகு பழையதும் கிடைத்தது.

கோயில் பழைய நிலைக்கு வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. நின்றுபோயிருந்த பெருந்திருவிழா 1383இல் சித்திரை மாதத்தில் மீண்டும் நடந்தது. நடத்திவைத்தவர் விசயநகர மன்னர் இரண்டாம் அரிகரரின் மகன் விருப்பண்ண உடையார். 52 ஊர்களைக் கோயிலுக்குக் கொடுத்தார் என்பது ஒழுகின் கணக்கு. விருப்பன் திருநாள் என்றே அந்த விழா இன்றும் வழங்குகிறது. சித்திரைத் தேரன்று சுற்றுவட்டக் கிராமத்து மக்கள் குடும்பத்தோடு திரளாக வருவார்கள். பழைய கோலத்தில் ஊரைப் பார்க்க விரும்பும் வெளியூர்ப் பயணிக்கு வைகுண்ட ஏகாதசியைவிட அந்த நாளே ஏற்றது.